பக்கத்துக்குப் பக்கம் ஒரே கேள்வி

அம்மாவோடு இனிமேல் வெளியே எங்கும் போகக் கூடாது என்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது முடிவெடுத்தேன். காரணம், வங்கியில் அவள் என் மானத்தை வாங்கியதுதான்.

ஒரகடத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அப்பா இறந்த பிறகு அம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவினாள். அண்ணனுக்குத் தண்டலம் பக்கம் இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அன்று சனிக்கிழமை, வங்கி அரை நாள்தான். எனக்கும் பள்ளிக்கூடம் இல்லாததால் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏதோ ஜெராக்ஸ் விட்டுப்போயிற்று என்று அண்ணன் வெளியே ஓடிவிட்டான். அதிகாரி ஒரு கத்தைக் காகிதத்தை நகர்த்தி, பென்சிலால் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார். அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது அவள் பெயர் மட்டும்தான். அதைப் போட்டுத் தொலைத்துவிட்டு வர வேண்டியதுதானே? பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சி சொல்லு."

எல்லாம் இங்கிலீஷ். பாடப் புத்தகத்துப் பூனையையும் பந்தையும் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் 'என் பொண்ணு இங்கிலீஷ் படிக்கும்' என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தவள் அவள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணன் படிக்கிறதுக்குப் பணம் தராங்களாம், அம்மா."

கையெழுத்துப் போட்டாள். அடுத்த பக்கத்தில் மறுபடி நிறுத்தினாள். "இதுல இன்னா கீது?" மூன்றாவது பக்கத்திலும் அதே கேள்வி. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கே புரியுது, உங்களுக்கு என்னம்மா?"

யாரோ சிரித்தார்கள். நாலாவது பக்கத்தில் அவள் வாயைத் திறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்துலயும் அதேதான் போட்டுக்கீது. மானம் போவுது. போடும்மா!"

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. மீதிப் பக்கங்களில் மளமளவென்று போட்டு முடித்தாள். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது நான் அவள் பக்கமே பார்க்கவில்லை.

அண்ணன் படித்து முடித்து, அம்மா தட்டு கழுவிய அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணமானதும் படப்பைக்குத் தனிக்குடித்தனம் போனான். மோட்டார் சைக்கிள் வாங்கினான். கடனை மட்டும் வசதியாக மறந்துபோனான். அவன் மேல் எனக்கு உள்ள எரிச்சலை எழுதினால் நோட்டு போதாது. வங்கிக் கடிதங்கள் அம்மா பெயருக்கு வந்தன. அவள் ஓவர்டைம் பார்த்துக் கட்டினாள்.

நான் காலேஜில் சேர்ந்த பிறகு, அம்மா பத்திரமாக வைத்திருந்த அந்தக் காகிதங்களின் நகலை எடுத்து ஒருநாள் படித்தேன். மகன் கட்டாவிட்டால் முழுக் கடனையும் தாய் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் கத்திய அதே நாலாவது பக்கம். அம்மாவிடம் சொன்னேன்.

"நீ கொயந்த. உனுக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

படித்த அதிகாரி, காலேஜுக்குப் போகிற அண்ணன், இங்கிலீஷ் படிக்கிற நான். இத்தனை பேரில் அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டவள், படிக்கத் தெரியாத அவள் ஒருத்திதான். அவள் வாயைத்தான் நான் அடைத்தேன்.