நெல் இல்லாத கட்டுச்சோறு

அயனம்பாக்கத்தில் என் அடுத்த வீட்டுக்காரி வேம்புலியம்மாள். அவளுடைய மூத்த மகள் நாகவல்லிக்குப் புகுந்த வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். சேதி வந்து இவள் போய்ச் சேர்வதற்குள் பாடை கட்டியாகிவிட்டது. இளையவள் கன்னியம்மாளையாவது தன் வீட்டுக்கு அழைத்துவந்து, தன் கண் முன்னால் பெற்றெடுக்க வைக்க வேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. ரேஷனில் மக்காச்சோளமும் கோதுமையும் போட்டார்களே தவிர, அரிசியைக் கண்ணில் காட்டவில்லை. கன்னியம்மாளின் மாமியார் எல்லம்மாவுக்குக் கரையான்சாவடியில் வீடு. சர்க்கார் கண்ணில் படாத நெல் அங்கே குதிர் நிறைய இருந்தது. அதை அவிக்கவும் குத்தவும் மருமகள்தான். அப்பேர்ப்பட்ட மாட்டை யாராவது அவிழ்த்து விடுவார்களா? அனுப்ப மாட்டேன் என்று நேராகச் சொன்னால் ஊர் ஏசும். அதனால் வளைகாப்புக்கு நாள் குறித்த கையோடு ஒரு கொக்கி போட்டாள்.

“தாயூட்டுக் கட்டுச்சோறு அஞ்சு வகை வரணும் சம்பந்தியம்மா. அஞ்சும் நெல்லுச் சோறா இருக்கணும். இல்லாங்காட்டி பொண்ண அனுப்ப மாட்டேன்.”

“வரும்” என்றாள் வேம்புலி.

எங்கிருந்து வரும்? பதினைந்து நாள் அடுப்போடு மல்லுக்கட்டினாள். மக்காச்சோளத்தை ஊறவைத்து, அரிசி அளவுக்கு உடைத்து, புடைத்து, ஆவியில் வேகவைத்தாள். முதல் தடவை கூழாகிவிட்டது. அடுத்த தடவை பல்லை உடைத்தது. கெட்டுப்போனதையெல்லாம் அவளே தின்று வயிற்றுப்போக்கில் கிடந்தாள். ஆனாலும் விடவில்லை. புளிச்சோற்றில் கடலைப்பருப்புக்குப் பதில் வறுத்து ஊறவைத்த புளியங்கொட்டை. எலுமிச்சைச் சோற்றுக்குக் கோதுமை நொய், அதில் புளியாரைக் கீரைச் சாறு. தேங்காய்ச் சோற்றில் தேங்காய்க்குப் பதில் பனங்கிழங்குத் துருவல். பொங்கலுக்குச் சாமையும் பனைவெல்லமும். தயிர்ச்சோறு வெள்ளையாக இருந்து தொலைக்க வேண்டுமே, அதற்கு மரவள்ளிக்கிழங்கைத் துருவிக் காயவைத்து அவித்து, என் வீட்டு மோரை ஊற்றிப் பிசைந்தாள். வாயில் வைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நானே ஏமாந்துபோனேன்.

வளைகாப்பன்று தூக்குகளைச் சுமந்துகொண்டு நானும் அவளோடு நடந்தேன். பந்தியில் கரையான்சாவடிப் பெண்கள் வழித்து வழித்துத் தின்றார்கள். “இன்னா ருசி! இந்தக் காலத்துல அஞ்சு சோறு!” என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். வேம்புலி சந்தோஷத்தில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எல்லம்மா ஒரு வாய் தின்றாள், சிரித்தாள். உள்ளே போய் ஆவி பறக்க நெல்லுச் சோற்றை ஒரு தட்டில் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தாள், படுபாவி.

“ஒங்கம்மா கொண்ணாந்ததையும் துன்னு, இதையும் துன்னு. எது சோறுன்னு நீயே சொல்லு.”

கன்னியம்மாள் இரண்டையும் தின்றாள். தாய் இருந்த பக்கமே திரும்பவில்லை.

“அம்மாது சோளம்” என்றாள்.

வேம்புலி மகளிடம் ஓடினாள். “ஒங்கக்காள நெனைச்சுப் பாருடி. எந்திரிச்சு வா கண்ணு, போலாம்.”

“அங்க வந்து மூணு மாசம் இத்தியே துன்னச் சொல்றியா? நான் இங்கியே கீறேம்மா.”

எல்லம்மா மேல் இருந்த கோபம் அத்தனையும் எனக்கு அந்தப் பெண் மேல் திரும்பியது. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியிடம், நெல்லுச் சோற்றை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது?

எல்லம்மாவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. “சரி உடுங்க. விசேச ஊட்லேர்ந்து வெறும் வயிறா போவக் கூடாது சம்பந்தியம்மா” என்று இலை போட்டு, அந்த நெல்லுச் சோற்றையே பரிமாறினாள்.

வேம்புலி உதறிவிட்டு வந்துவிடுவாள் என்று நான் காலித் தூக்குகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டேன். அவள் அழுதுகொண்டே இலை முன் உட்கார்ந்தாள். ஆறு மாதமாக நெல்லுச் சோறு தின்னாதவள். இரண்டு கவளம் உள்ளே போனதும் அழுகை நின்றது. இலையைச் சுத்தமாக வழித்தாள். பிறகு எல்லம்மாவை நிமிர்ந்து பார்த்து, “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றாள்.