அகரத்துக் கிணறு வற்றாது

கருப்பம்மாளின் வாய்க்கு அகரம் ஊரே பயப்படும். அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஊரோடு ஒத்துப்போனது. பெண் வீட்டார் வந்து விசாரித்தால், எந்த வீட்டுக் கிணறானாலும் வற்றாது என்று சொல்லிவிட வேண்டும். ஊரார் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உபகாரம் அது. அவளும் அதை நம்பித்தான் வாழ்க்கைப்பட்டு வந்தாள். முதல் மாசியிலேயே வாளி தரை தட்டியது. அன்று மாமியாரைத் திட்டத் தொடங்கியவள், புருஷன் போன பிறகு தனியாளாய்க் கத்தரியும் வெண்டையும் போட்டு மகன் முகேஷ்குமாரை ஆளாக்கிய காலத்திலும் நிறுத்தவில்லை.

இரண்டாயிரத்து ஆறு தையில், கிணறுகளில் மழைத்தண்ணீர் நின்ற நேரத்தில், ஜீப்பில் நாலு பேர் வந்து கிணறு கிணறாக எட்டிப் பார்த்தார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற மாசத்தில் கிணற்றை எட்டிப் பார்க்கிறவன் வேறு யாராக இருப்பான்? "சித்திரையிலகூட வத்தாதுங்கய்யா," என்று ஊரே சொன்னது. கருப்பம்மாளும் சொன்னாள். வந்தவர்கள் திண்டுக்கல்லுக்குத் தண்ணீர் தரப்போகும் கம்பெனியின் ஆட்கள் என்பது ஆனியில்தான் தெரிந்தது. நகரத்துக்கு முப்பது வருஷத்துக்கான தண்ணீரை அகரத்தில் ஆழ்துளைப் போர் போட்டு எடுக்கப்போகிறார்களாம். முதல் போர் அவள் தோட்டத்து வேலியை ஒட்டி.

திட்டத்தைப் பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்க, திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். முன்வரிசையில் மொக்கைச்சாமி உட்கார்ந்திருந்தார். அவர் மகள் கீர்த்தனாவுக்கும் முகேஷுக்கும் ஆவணியில் கல்யாணம். திண்டுக்கல் குழாயடிச் சண்டையிலேயே வளர்ந்த மகளைத் தண்ணீர் உள்ள வீட்டில் கொடுக்க வேண்டும் என்றுதான் அவர் சம்மதித்ததே.

"அங்க வந்து வாயத் தொறக்காத ஆத்தா," என்று முகேஷ் முன்பே சொல்லியிருந்தான். பேசினால் கல்யாணம் போகும். பேசாவிட்டால் தோட்டம் போகும்.

"அகரத்தில் தண்ணீர் தாராளம். ஊர்க்காரங்களே சொன்னாங்க," என்றார் மேடையிலிருந்த கம்பெனி அதிகாரி. கருப்பம்மாள் எழுந்தாள்.

"நாங்க சொன்னது பொய்யி சார். மாசி பொறந்தா எங்க கெணத்துல வாளி முங்காது."

"நமக்குத் தண்ணி குடுக்க மனசில்ல, அதான் இம்புட்டுப் பேச்சு," என்று பின்னாலிருந்து திண்டுக்கல்காரன் ஒருத்தன் கத்தினான்.

"அப்ப ஏம்மா வத்தாதுன்னு சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

"பொண்ணு வீட்டுக்காரவுகன்னு நெனச்சிட்டோம்."

மண்டபம் சிரித்தது. மொக்கைச்சாமி சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரனான கொழுந்தன் வேலுச்சாமியின் பக்கம் திரும்பினாள்.

"ஏப்பா வேலு, நீ சொல்லு. உன் கெணறும் என் கெணறும் ஒண்ணாத்தான வத்துது?"

வேலுச்சாமி இரண்டு மகன்களுக்குப் பெண் தேடி அலைந்துகொண்டிருந்தவன். மெல்ல எழுந்தான்.

"மதினிக்குக் கம்பெனி மேல கோவம் சார். எங்க ஊருல எந்தக் கெணறும் வத்துனதில்ல."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் முகேஷ் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பெத்த பிள்ளைக்கே வேண்டாதவளாகிவிட்டோமே என்று பொருமிக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள். எதிர் டீக்கடையில் மொக்கைச்சாமியும் வேலுச்சாமியும் நின்றிருந்தார்கள்.

"உங்க மூத்தவனுக்கு என்ன வயசாகுது?" என்று மொக்கைச்சாமி கேட்டார்.

வேலுச்சாமி மதினியைப் பார்த்தான். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "இருவத்தாறுங்க. ஒண்ணும் அவசரமில்ல, தையில வாங்க. கெணத்தையும் பாத்துட்டுப் போகலாம்."