மூன்றாம் கேள்வி

பல்கலைக்கழகம் ஒன்று எனக்குத் தந்த முதலாவது சான்று, நான் ஒன்றும் தெரியாதவள் என்பது. அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பில் புள்ளியில் இரண்டாம் பிள்ளையாக வந்துகொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று வீட்டில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அது எண்பத்து நாலாம் ஆண்டு. நாங்கள் நெடுந்தீவில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடுதான் இருந்தார். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது கண்பார்வையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதோடு படிப்பும் முடிந்தது என்று ஊர் தீர்மானித்தது. சின்னம்மா தீர்மானிக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப்பையை வைக்குமுன் என்னைப் பிடித்து இருத்தி, தன் பழைய சரித்திரப் புத்தகங்களை வாசிக்கச் சொல்லுவார். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒழுங்காக வாசித்தால் ஒரு துண்டு பனங்கட்டி. பிழையாக வாசித்தால் ஒரு குட்டு. கண் தெரியாதவர் குட்டினால் குறி தப்பும் என்று நினைக்கிறவர்கள் என் தலையைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒருநாள் அரைத் தூக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் ஒல்லாந்தர் என்று வாசித்துவிட்டேன். உச்சந்தலையில் விழுந்தது. முதலில் வந்து பிடித்தவர்கள் போர்த்துக்கேயர், அவர்களிடமிருந்து பிடுங்கியவர்கள்தான் ஒல்லாந்தர், இது ஊரில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும் என்றார் சின்னம்மா. பிறகு, "யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் போர்த்துக்கேயர்" என்று பத்துத் தரம் சொல்லவைத்தார். ஒன்பதோடு நிறுத்திப் பார்த்தேன். எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அந்த நாட்களில் பல்கலைக்கழகத்தில், இடையில் படிப்பை விட்டவர்கள் வீட்டிலிருந்தபடியே பட்டம் படிக்க ஒரு வெளிவாரிப் படிப்பு இருந்தது. அதில் சேருவதற்குத் தனியாகச் சரித்திரத்தில் ஒரு தகுதிப் பரீட்சை. சின்னம்மா சொல்லச்சொல்ல அப்பா விண்ணப்பம் எழுதிப் போட்டார். பதில் வந்தது. பரீட்சை எழுதலாம்; அவர் சொல்ல எழுதுவதற்கு ஒருவரைக் கூட்டிவரலாம். ஆனால் எழுதுகிறவர் எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்கக் கூடாது, அந்தப் பாடம் தெரிந்தவராக இருக்கக் கூடாது, ஒரு விடையையேனும் அவர் சொல்லிக்கொடுத்தது தெரிந்தால் விடைத்தாள் ரத்தாகும், அதன்பிறகு சின்னம்மா எந்த வருடமும் எழுத முடியாது என்றும் கடிதத்தில் இருந்தது.

நல்ல கையெழுத்து வேண்டும், ஆனால் தலைக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது. அப்படி ஓர் ஆளைத் தேடி அப்பா இரண்டு கிழமை சைக்கிளில் அலைந்தார். சங்கக்கடையில் விலைப்பலகை எழுதுகிறவருக்கு முத்து முத்தான எழுத்து. ஆனால் அவர் பத்தாம் வகுப்பு. கரையில் ஒரு சம்மாட்டியாரின் மகன் நாலாம் வகுப்போடு கடலுக்குப் போனவன், அறியாமைக்குக் குறைவில்லை. ஆனால் அவன் எழுத்து நண்டு நடந்ததுபோல் இருந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே என்றார். கையெழுத்து உண்டு, அறிவு இல்லை. வீட்டிலேயே இருக்கிறாள்.

இரண்டு வருடமாக அந்தப் புத்தகங்களை வாசித்தவள் நான்தான் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வாசிப்பது எங்கள் வீட்டில் தண்ணீர் அள்ளுவதுபோல ஒரு வேலை. அதனால் ஒருத்திக்கு அறிவு வரும் என்று யாரும் சந்தேகப்படவில்லை. சின்னம்மாவுக்கு மட்டும் அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. புறப்படும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்றார். படகில் அப்பா சோதித்துப் பார்த்தார். புத்தகத்திலிருந்து நாலு கேள்வி கேட்டார், நாலுக்கும் தெரியாது என்றேன். ஊர் என்ன என்று கேட்டார், அதற்கும் தெரியாது என்றேன். அவருக்கு நல்ல திருப்தி. குறிகட்டுவான் துறையில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரைக்கும் நான் தெரியாது, தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அடுத்த நாள் காலை பரீட்சைக்குப் பொறுப்பான ஐயா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வழுக்கைத்தலை, வெள்ளை அரைக்கைச் சட்டை, மேசையில் ஒரு படிவம். என்னை மேலும் கீழும் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். அதற்கும் தெரியாது என்றுவிடுவேனோ என்று பயந்து அப்பாவே சொன்னார்.

"நெடுந்தீவோ? அப்ப கேக்கவே தேவையில்லை" என்றார் அவர், பக்கத்து மேசைக் கிளாக்கரைப் பார்த்துச் சிரித்து.

அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பழக்கமானது. பட்டணத்துக்கு வந்த ஒவ்வொரு தீவாரும் ஒருதரமாவது வாங்கிப்போகிற சிரிப்பு. அப்பா அதைக் காணாததுபோல் நின்றார். எனக்கு அது ஏலவில்லை. ஐயா முறைக்காக ஒரு கேள்வி கேட்டார், தேசவழமையைப் பற்றி ஏதும் தெரியுமா என்று.

"தேசவழமைச் சட்டத்தை ஆயிரத்து எழுநூற்று ஏழாம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்தனர்" என்றேன். நிறுத்தியிருக்கலாம். அந்தப் பந்தி முழுவதையும் சொல்லித்தான் நிறுத்தினேன்.

ஐயாவின் சிரிப்பு போய்விட்டது. அப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை. சின்னம்மாதான் பேசினார்.

"ஐயா, இவள் எனக்கு வாசிச்சுக் காட்டுறவள். வாயிலை கிடக்கு, தலையிலை ஒண்டுமில்லை. கிளிப்பிள்ளை மாதிரி. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ."

ஐயா என் பக்கம் குனிந்தார். "பிள்ளை, தேசவழமை எண்டால் என்னெண்டு சொல்லும் பாப்பம்."

நான் யோசித்தேன். ஒல்லாந்தர் சம்பந்தப்பட்டது எல்லாம் கடலால் வந்தது. "கப்பல்" என்றேன்.

கிளாக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐயா படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார்: எழுதுபவருக்குப் பாட அறிவு இல்லை. ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. தானே பக்கத்தில் இருக்கப்போவதாகச் சொன்னார்.

எங்களுக்குத் தனியறை. என் முழங்கையைத் தொடுகிற தூரத்தில் ஐயா கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் கேள்வியை வாசிக்க வேண்டும், சின்னம்மா சொல்வதை எழுத வேண்டும். முதற்பகுதி சிறு கேள்விகள். முதலாவது சரியாகப் போனது. இரண்டாவதில் சின்னம்மா கொஞ்சம் யோசித்தார். இரண்டு வருடப் பழக்கம், என் உதடு தன்பாட்டில் விடையைச் சொல்ல அசைந்துவிட்டது. சத்தம் வரவில்லை. ஆனால் ஐயா பார்த்துவிட்டார்.

"பிள்ளை, இன்னொருக்கா வாய் அசைஞ்சால் நான் பேப்பரை வாங்கிப்போடுவன்."

சின்னம்மாவின் கை மேசையில் அப்படியே நின்றது. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கிளிப்பிள்ளை என்று சொன்னது நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் கேள்வியை வாசித்தேன். யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய ஐரோப்பியர் யார்?

"ஒல்லாந்தர்" என்றார் சின்னம்மா.

என் பேனா நின்றது. ஐயாவின் கண் என் வாயில் இருந்தது.

"ஒல்லாந்தர். எழுது" என்றார் சின்னம்மா மறுபடியும்.

எழுதினேன். கிளிப்பிள்ளை சொன்னதைத்தானே எழுதும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, நல்ல உருண்டையான எழுத்தில் எழுதினேன். அவருக்கு அது பிழையாகப் போனதில் எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை இன்றைக்கு மறைத்து என்ன வரப்போகிறது? ஐயா எட்டி அந்த விடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கதிரையைத் தூக்கி ஜன்னலடியில் போட்டுப் புதினப் பேப்பரை விரித்தார். சின்னம்மாவின் அறியாமையைக் கண்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலம், சின்னம்மா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. என் விரல்தான் வீங்கியது.

திரும்பி வருகிற படகில், அப்பா கேட்கத்தக்கதாகச் சொன்னேன்.

"சின்னம்மா, மூண்டாங் கேள்வி பிழை. போர்த்துக்கேயர்தான்."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "ஓம் பிள்ளை. நீ சொன்னதுதான் சரி" என்றார். அலை அடித்தது. என் தலையைத் தேடிப் பிடித்து, கை எடுக்காமல் நெடுந்தீவு வரும்வரை இருந்தார். படகு ஆடுகிறதற்குப் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

ஊரில் நான் அதை விடவில்லை. ஆட்டுக்குட்டிக்குத் தெரிந்தது சின்னம்மாவுக்குத் தெரியவில்லை என்று கிணற்றடியிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சித்தியடைந்தார் என்று வந்த கடிதத்தை வாசித்தவளும் நான்தான். வாசித்து முடித்த வாயாலேயே, மூன்றாம் கேள்வி சரியாக இருந்திருந்தால் இன்னும் கூடுதலாகப் புள்ளி வந்திருக்கும் என்றும் சொன்னேன்.

வருடங்கள் போய், நானும் ஆசிரியையாகி, ஒரு பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றேன். கை வழங்காத ஒரு பையன் சொல்ல, அவனுடைய தங்கை எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தேகம். பக்கத்தில் போய் நின்றேன். பையன் ஒரு சின்னக் கேள்விக்கு படுபிழையாக ஒரு விடை சொன்னான், தங்கை அப்படியே எழுதினாள். சரி, இவள் சொல்லிக்கொடுக்கவில்லை என்று மனம் ஆறி ஜன்னல் பக்கம் திரும்பினேன். இரண்டடி வைத்ததும் கால் நின்றுவிட்டது. உச்சந்தலையில், அந்தப் பழைய இடத்தில், சின்னம்மாவின் குட்டு விழுந்ததுபோல் இருந்தது.

ஒன்பதோடு நிறுத்தியவளைப் பத்தாம் தரமும் சொல்லவைத்தவருக்கு, போர்த்துக்கேயர் என்பது எப்படி மறந்திருக்கும் என்று அந்தப் பதினொரு வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.