ஸ்பேட் இல்லையா, பார்ட்னர்?

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது, உடம்பு முடியவில்லை என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. முதுகு வலி உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்ததுதான் மிச்சம். ஆனால் பிரிட்ஜ் போட்டிக்கு டீம் என்றால் நாலு பேர். ஒருத்தன் கழன்றுகொண்டால் மற்ற மூன்று பேரும் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

கார் குரோம்பேட்டைத் தம்பதியுடையது. அவர் ஓட்டினார், அந்தம்மா பக்கத்தில். டீமில் அவர்கள் ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி நானும், இரும்புலியூரில் ஏறிக்கொண்ட என் நண்பனும். ரிடையரான கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் வருகிறானே என்று அவன் வீட்டில் முணுமுணுப்பு வேறு. இருபது வருஷமாக சீட்டு மேஜையில் எனக்கு எதிர் நாற்காலி அவனுடையது. வெளியில் என்னை மச்சான் என்பான். மேஜையில் உட்கார்ந்துவிட்டால் பார்ட்னர்.

இந்தப் போட்டி முடிந்ததும் அவனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. இனிமேல் உன்னோடு ஆடப்போவதில்லை என்று. கிளப்பில் ஒருத்தர், வயதில் சின்னவர், கெட்டிக்கார ஆட்டக்காரர், அடுத்த மாதத்திலிருந்து சேர்ந்து ஆடலாமா என்று கேட்டிருந்தார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். இருபது வருஷத்தை எப்படி முடித்துவைப்பது என்று யோசித்து யோசித்தே பாதித் தூக்கம் போனது.

ஏன் இந்த முடிவு? ஒரே ஒரு கேள்விதான் காரணம்.

பிரிட்ஜில் ஜோடியில் ஒருவர் தன் சீட்டையெல்லாம் மேஜையில் விரித்துவைத்துவிட்டு சும்மா உட்கார வேண்டும். அவருக்கு டம்மி என்று பெயர். இரண்டு கை சீட்டையும் பார்ட்னரே ஆடுவார். டம்மி வாயைத் திறக்கக்கூடாது. ஒன்றே ஒன்றுக்கு அனுமதி உண்டு. ஸ்பேட் இறங்கியிருக்கும்போது பார்ட்னர் வேறு சீட்டைப் போட்டால், "ஸ்பேட் இல்லையா, பார்ட்னர்?" என்று கேட்கலாம். இறங்கிய ஜாதிச் சீட்டு கையில் இருந்தும் போடாவிட்டால் பெரிய தப்பு, தண்டனை உண்டு. அடுத்த சீட்டு விழுவதற்குள் திருத்திக்கொள்ளத்தான் இந்தச் சலுகை.

இருபது வருஷத்தில் அவன் இதைக் கேட்டதே கிடையாது. போன வருஷம் ஆரம்பித்தான். நான் வேறு சீட்டைப் போடும்போதெல்லாம், ஒரு தடவை விடாமல், "இல்லையா, பார்ட்னர்?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயசாகிறது, ஆட்டத்துக்கு ஆட்டம் பயப்படுகிறான், அந்தப் பயத்தை என் தலையில் கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். ஒன்றிரண்டு தடவை என் கையில் சீட்டு இருந்தது உண்மைதான். கிளாவர் சீட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும். ரெண்டும் கறுப்பு. அந்த ஹாலில் டியூப்லைட்டும் மங்கல். யாருக்குத்தான் நடக்காது?

வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் ரோட்டில் போகும்போது சொல்லியே விட்டேன். "இந்த ரெண்டு நாளாவது அந்தக் கேள்வியைக் கேட்காம இருடா. நாலு பேர் எதிர்ல என்னை எல்கேஜி பையன் மாதிரி ஆக்குற."

அவன் என் பக்கம் திரும்பினான். "நிஜமாவா சொல்ற மச்சான்?"

"நிஜமாத்தான்."

"சரி. கேட்கல."

பாண்டிச்சேரியில் போட்டி. சனிக்கிழமை முழுக்க ஆடி முடிப்பதற்குள் மண்டை கழன்றுவிட்டது. சொன்ன சொல் மாறாமல் அவன் கேட்கவில்லை. அப்பாடா, இப்படி இருந்தால் இன்னும் பத்து வருஷம்கூட இவனோடு ஆடலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. லாட்ஜில் ஒரே ரூம். அவன் ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தான். நான் முதுகுக்குத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ஊர் திரும்பும்போது எந்த இடத்தில் சொல்வது என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி ரவுண்ட். ஜெயித்தால் எங்கள் டீமுக்குக் கோப்பை. இந்த நாலு பேரும் கோப்பை என்று ஒன்றைக் கையில் வாங்கியதே இல்லை. கடைசி ஆட்டத்தை ஆடும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஹார்ட் துருப்பு, பத்து ட்ரிக், அதாவது பதிமூன்று சுற்றில் பத்தை, எடுக்க வேண்டும். அவன் சீட்டை விரித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். நாலாவது சுற்றில் எதிராளி ஸ்பேட் போட்டார். நான் துருப்பால் வெட்டினேன். எதிரே அவன் உதடு அசைந்தது. நிமிர்ந்து ஒரு முறை முறைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பத்து ட்ரிக்கும் வந்தது. ஆனால் கடைசியில் என் கையில் மிஞ்சிய சீட்டு ஸ்பேட் ஏழு.

எதிராளி கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் வந்து புத்தகத்தைப் புரட்டக்கூட இல்லை, இரண்டு ட்ரிக் அபராதம் என்று சொல்லிவிட்டுப் போனார். கோப்பை பக்கத்து டேபிளுக்குப் போனது. குரோம்பேட்டைக்காரர் "விடுங்க சார், பரவாயில்ல" என்று நாலு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

திரும்பும்போது கோவளத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அவன் மீன் விலை கேட்கப் போனான். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன், இறங்கத் தெம்பில்லை. அந்தம்மா டீயை நீட்டினார்.

"எல்லாம் அவனால வந்தது," என்றேன். வெட்கம்கெட்ட பேச்சுதான், வாயில் வந்துவிட்டது. "ஒரு வருஷமா நொய்நொய்னு கேட்டுக் கேட்டு என் கவனத்தையே கெடுத்துட்டான். உங்களையும் இப்படித்தான் படுத்துவானா?" புதன்கிழமைகளில் அவர் என் நண்பனோடுதான் ஆடுவார்.

அந்தம்மா கொஞ்சம் தயங்கினார். "இல்லண்ணா. என்கிட்ட அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

டீ கையிலேயே ஆறிப்போனது. ஒன்றிரண்டு தடவையா? யோசிக்க யோசிக்க எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. "அட, ஒண்ணு இருக்கு, சாரி" என்று எத்தனை தடவை சீட்டை மாற்றிப் போட்டிருக்கிறேன்! போன மாதம் மட்டுமே மூன்று. கேஸ் அடுப்பை அணைக்காமல் மொட்டைமாடிக்குப் போனதும், தெரிந்தவர் பெயர் நாக்கில் வராமல் நின்றதும் கூடவே ஞாபகத்துக்கு வந்தன. எனக்குப் பயமாக இருந்தது.

பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, இருட்டுகிற நேரத்தில் அவன் தெருமுனையில் நின்றோம். நானும் அவனோடு இறங்கினேன். மீன் பையோடு நின்றவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனை விட்டுவிட்டு வேறு ஆளோடு ஆட ஒத்துக்கொண்டதை. அதற்கு நான் வைத்திருந்த காரணத்தை. "மன்னிச்சிக்கோடா" என்றேன்.

"தெரியும் மச்சான்," என்றான். "உன்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி அவர் என்கிட்ட வந்து கேட்டாரு. தாராளமா ஆடுங்கன்னேன்."

"ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த. ஏன் கெடுக்கணும்?" பையைக் கை மாற்றிக்கொண்டான். "அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். இல்லையா பார்ட்னர்னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க, திட்டுவான், திட்டினாலும் விடாதீங்கன்னு. நான்தான் நேத்து விட்டுட்டேன்."