பொக்குவாவின் இடது நெற்றிப்பொட்டு

குமாசியில், பன்டாமா மெயின் ரோட்டில் தலைமுடிச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாக் கடையிலும் ஒரே சாமான்தான். ஆனாலும் கூட்டம் பொக்குவாவின் கடையில்தான் நிற்கும். காரணம் அவள் வாய் இல்லை, கை. முடியைத் தொட்டுப் பார்க்காமல் அவள் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டாள். பாஸ்டரின் மனைவியே வந்தாலும் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தே ஆகவேண்டும். பொக்குவா விரல்களை உள்ளே விட்டுத் துழாவுவாள், நுனியை லேசாக இழுத்து விடுவாள், அதன் பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவாள். கேட்டதை எடுத்துக் கொடுப்பது மளிகைக் கடைக்காரன் வேலை, தலைக்கு ஏற்றதைக் கொடுப்பதுதான் தன் வேலை என்று அவளுக்கு ஒரு திமிர். எங்கள் தெருவுக்கே அந்தத் திமிர் பிடித்திருந்தது.

ஊர்த் தலையெல்லாம் தொட்ட அவளுடைய தலையை மட்டும் யாரும் தொட்டதில்லை. தோள் வரை பளபளக்கும் டோப்பா ஒன்றை வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தால் அதைக் கழற்றும் கையே வழுவழுப்பான துணியைச் சுற்றிக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவள் கணவர் அம்பாடு, பெண்டாட்டியின் வெறும் தலையைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. அவர் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

டோப்பாவுக்கு அடியில் இருந்தது பெர்ம் செய்த பாவம். சுருண்ட முடியை நீட்டிவிடும் க்ரீமுக்கு எங்கள் ஊரில் பெர்ம் என்று பெயர். வயசுப் பெண்ணாக இருக்கும்போது பொக்குவா அதைப் பூச ஆரம்பித்தாள். வேர் சுருண்டு முளைக்க முளைக்க மறுபடி பூசினாள். அதன்மேல் சவுரி வைத்து நெற்றி விண்ணென்று இழுபடும்படி பின்னிக்கொண்டாள். காதோரத்து முடி கொஞ்சம் கொஞ்சமாக விடைபெற்றுக்கொண்டு போனது. கடைசியில் இரண்டு நெற்றிப்பொட்டும் உள்ளங்கை மாதிரி ஆகிவிட்டன. அதே பெர்ம் டப்பாக்கள்தான் அவள் கடையில் முன்வரிசையில் நின்றன. அவைதான் அதிகம் விற்றன.

மகள் அஜேவா சீனியர் ஸ்கூல் முடித்த வருஷம்தான் வினை வந்தது. பள்ளிக்கூடம் முடியும்வரை இங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒட்ட வெட்டிய தலைதான். முடித்ததும் முடியை வளர்த்து, விரலுக்கு எட்டியதும் பெர்ம் போட்டுக்கொள்வார்கள். பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்பதற்கு அதுவே அடையாளம். அஜேவாவின் தோழிகள் எல்லாரும் பெர்ம் போட்டுவிட்டார்கள். அம்மாவிடமே கடை இருக்கும்போது தனக்கென்ன குறை என்று அவளும் ஒரு நாள் மதியம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ரெகுலர் பெர்மா, சூப்பர் பெர்மா? நீயே பாத்துச் சொல்லும்மா."

பொக்குவா வழக்கம்போல விரல்களை விட்டாள். அடர்த்தி விரலை உள்ளே விடவில்லை. நுனியை இழுத்துவிட்டால் துள்ளிக்கொண்டு திரும்பிப் போய்ச் சுருண்டது. காதோரம் பூனைமுடிகூடக் குறையாமல் இருந்தது. இப்படி ஒரு தலை தன் வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருந்தது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெருமையில்தான் வாய் தவறியது.

"உனக்கு எதுவும் வேணாம். இவ்ளோ நல்ல முடிய எதுக்குக் கெடுக்கணும்?"

அஜேவா அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கெடுக்கணுமா? அப்ப இத்தனை வருஷமா ஊரான் பிள்ளைங்க தலையெல்லாம் கெடுத்துக்கிட்டா இருந்த?"

கடையில் நின்ற வாடிக்கைக்காரி ஒருத்தி சீப்புகளை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள். திமிர் பிடித்தவர்களை அடிக்க வேண்டுமானால் அவர்கள் பெற்ற பிள்ளையால்தான் முடியும்.

சாமான் அறைக்கு மகளைக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். டோப்பாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாரு என்றாள். அஜேவா பார்த்தாள்.

"டப்பா அலமாரியிலதான் இருக்கும். உன் தலை, உன் இஷ்டம். நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் இன்னையோட பெர்ம விடுறேன். என் தலை என்ன ஆகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணு."

"முளைக்கலைன்னா?"

"முளைக்கலைன்னா அதையும் பாத்துக்க."

மறுநாளே பொக்குவா சலூனில் பெர்ம் பட்ட முடியையெல்லாம் எடுத்துவிட்டு மொட்டையாக வந்து நின்றாள். எங்கள் ஊரில் வளர்ந்த பெண் தலையை மழித்தால் ஒரே அர்த்தம்தான், நெருங்கின சொந்தத்தில் சாவு. பக்கத்துக் கடைக்காரி கொனாடு துக்கத்துணி விற்பவள். கறுப்பிலும் சிவப்பிலும் இரண்டு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலிலிருந்தே மூக்கை உறிஞ்சியபடி வீட்டுக்குள் நுழைந்தாள். அங்கே அம்பாடு இடித்த கிழங்குக் களியான ஃபுஃபூவைச் சூப்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். கொனாடுவின் அழுகை பாதியில் நின்றது.

"இவரு இங்க இருக்காரு. அப்ப போனது யாரு?"

"நான் இன்னும் கிளம்பலம்மா. சூப்பு நல்லா இருக்கு, முடிச்சிட்டுத்தான் போவேன்" என்றார் அம்பாடு.

சிரித்து முடித்த பிறகு நிலைமை சிரிப்பாக இல்லை. தலைமுடிச் சாமான் விற்பவளுக்கே தலையில் முடி இல்லை என்றால் யார் வந்து வாங்குவார்கள்? அவள் கடைச் சரக்கு பட்டுத்தான் கொட்டிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அதில் முக்கால்வாசி உண்மை என்பதால் அவளால் சண்டைக்கும் போக முடியவில்லை. மொட்டை அடித்தவள் சீப்பு விற்கிறாள் என்று கொனாடு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். டோப்பாவை எடுத்து வைத்தால் எல்லாம் ஒரு நொடியில் சரியாகிவிடும். பொக்குவா வைக்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முளைத்த முடியும் சும்மா விடவில்லை. ஹர்மட்டான் காற்று புழுதியோடு வந்த மாதங்களில் தலை சருகு மாதிரி காய்ந்தது. பொக்குவா என்ன செய்வாள்? எங்கள் ஊரில் எதற்கும் ஷியா மரக்கொட்டையில் எடுக்கும் வெண்ணெய்தான். உதடு வெடித்தால் வெண்ணெய், முட்டி வலித்தால் வெண்ணெய். அள்ளி அள்ளி அப்பினாள். மேலே மெழுகு மாதிரி பிசுபிசுத்தது, உள்ளே முடி நொறுங்கியது, ரோட்டுப் புழுதி முழுக்க வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா ஃப்ரிட்ஜுக்குக் கிரீஸ் போடுவது போல நீ தலைக்குப் போடுகிறாய் என்று அஜேவா கேலி செய்தாள்.

ஒருநாள் குளித்துவிட்டு ஈரம் காயுமுன் அவசரத்தில் துளி வெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். அன்று மாலைவரை முடி மெத்தென்று இருந்தது. வெண்ணெய் முடிக்கு ஈரம் தராது, உள்ளே போன தண்ணீரை மூடி வைக்கிற மூடிதான் அது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் வெறும் பானைக்கு மூடி விற்றிருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு தெளிப்பான் புட்டி ஒன்றை வாங்கி, வருகிற தலையில் எல்லாம் தண்ணீரைப் பீச்சிப் பார்க்க ஆரம்பித்தாள். சில தலையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவர்களுக்குக் கனத்த வெண்ணெய் ஆகாது, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு லேசான எண்ணெய் போதும் என்று கண்டுகொண்டாள். சில தலை தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு உடனே வறண்டது. அவர்களுக்குத்தான் வெண்ணெய், அதுவும் ஈரத்தின்மேல். சீப்பு அகலப் பல்லாக இருக்கவேண்டும், நுனியிலிருந்து மேலே வரவேண்டும். இறுக்கிப் பின்னிக்கொள்ளச் சவுரி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை வெளியே போகச் சொன்னாள்.

அவள் ஒன்றும் சாமியார் ஆகிவிடவில்லை. பெர்ம் கேட்டு வரும் வளர்ந்த பெண்களுக்கு, அது என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கொடுத்தாள். அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். கூட்டம் மெதுவாகத் திரும்பியது.

இரண்டு வருஷத்தில் தலை நிறைந்து, கறுத்து, கும்மென்று ஒரு வட்டமாக எழும்பி நின்றது. வலது நெற்றிப்பொட்டில் பூனைமுடி கிளம்பி, பிறகு அசல் முடியாகச் சுருண்டது. அன்று அவள் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. இடது பக்கம் மட்டும் எதற்கும் மசியவில்லை. மருந்துக்குக்கூட ஒரு முடி வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, இனி வராது என்று அவளுக்கே தெரிந்துபோனது. அஜேவாவுக்கும் தெரிந்தது. பெர்ம் போடுவதா வேண்டாமா என்று அவள் எடுத்த முடிவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எப்போதும் தலைத்துணி கட்டியே திரிந்த மகளின் முடி என்ன நிலையில் இருக்கிறது என்று அம்மாவும் கேட்கவில்லை. அம்மாவும் ஒரு துணியைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டினால் அந்த இடம் மறையும் என்று ஒரு காலையில் அஜேவா சொல்லிப் பார்த்தாள். பொக்குவா வேண்டாம் என்றுவிட்டாள்.

அன்றே சுவாமே பக்கத்திலிருந்து ஒரு தாட்டியான அம்மாள், பள்ளிக்கூடம் முடித்த மகளோடு பெர்ம் வாங்க வந்தாள். பொக்குவாவின் முடியைக் கண்டு அசந்துபோய், இந்தக் கடையில் வாங்கினால் இப்படி ஆகுமென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாள். அப்படியே பார்வை இடப்பக்கம் போனது.

"அங்க என்னக்கா ஆச்சு? அடி பட்டுச்சா? இல்ல, பொறப்புலயேவா?"

கடை நிறையக் கூட்டம். கொனாடு வேறு சில்லறை மாற்ற வந்து வாசலில் நின்றாள். பொறப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மேலே கேட்கப்போவதில்லை. அலமாரி ஓரம் நின்ற அஜேவா அம்மாவையே பார்த்தாள்.

"அடியும் இல்ல, பொறப்பும் இல்ல" என்றாள் பொக்குவா. "நீங்க இப்ப கேட்டீங்களே, அதே டப்பாதான். நானே எடுத்து, நானே பூசி, நானே கெடுத்துக்கிட்டேன். இது இனிமே வராது."

கூட வந்த பெண்ணின் கை தன் காதோரத்துக்குப் போனது. விற்கிறவர்களே இப்படிச் சொன்னால் நாங்கள் எதைத்தான் வாங்குவது என்று அம்மாள் தடுமாறினாள்.

அப்போது அஜேவா நடுக்கடைக்கு வந்தாள். தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள். முடி அத்தனையும் சுருள் சுருளாகக் கழுத்துவரை இறங்கியது. அவ்வளவு வளர்ந்திருந்ததைப் பொக்குவாவே பார்த்திருக்கவில்லை.

"இது பெர்ம் போடாத முடி. போடவும் மாட்டேன்" என்று அந்தப் பெண்ணின் பக்கம் தலையைச் சாய்த்தாள். "தொட்டுப் பாரு."

பொக்குவா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்து, கீழ்த்தட்டில் வெண்ணெய் டப்பாவைத் தேட ஆரம்பித்தாள். அந்த டப்பா அவள் கையிலேயே இருந்தது.