ஒன்றே முக்கால் வண்டிக்கு ஆள் சேர்த்தவள்

ஆரோக்கியம்மாளுக்குப் பொய் பேச வராது என்று யாராவது சொன்னால், அவர் குமராட்சிப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். சர்ச்சில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்கூட இரண்டு பாவத்தைக் குறைத்துத்தான் சொல்வாள். ஆனால் உழைப்பாளி. சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதிச் சமையலறையில் மூன்று மணிக்கு அவள் காய் நறுக்க உட்கார வேண்டும். ஊரிலிருந்து அதற்குத் தோதான வண்டி மதியம் ஒன்றே முக்கால் டவுன் பஸ் ஒன்றுதான். மகள் அனுப்பிரியாவின் நர்சிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது.

ஒருநாள் கண்டக்டர் இளவரசு தலையைச் சொறிந்தான்.

“எக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து இந்த டிரிப்பு இருக்காது போலருக்கு. தெனம் ஏழு பேரு ஏறுனா எவன் வண்டி உடுவான்? இந்த ரெண்டு வாரம் எத்தினி பேரு ஏறுறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணப்போறாங்க.”

“பொம்பளைங்களுக்கு ஃப்ரீ டிக்கெட்டாச்சே, அதுவும் சேத்தியா?”

“சேத்திதாங்க்கா. தலைக்கு ஒண்ணு கிழிக்கிறேன் இல்ல?”

அன்று இரவு அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வண்டி நின்றால் வேலை போகும், வேலை போனால் படிப்பு போகும். பயந்துதான் போனாள். விடிந்ததும் பயத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வீடு வீடாகக் கிளம்பினாள்.

பல் போன ரத்தினம்மாளிடம், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் குடம் வாங்கினால் மூடி இனாம் என்றாள். அப்படி ஒரு கடையே கிடையாது. மகளிர் குழுவிடம், கூட்டத்தை வண்டியிலேயே போட்டால் காற்றோட்டமாக இருக்கும் என்றாள். கயல்விழிக்கு மட்டும் பொய்யே தேவைப்படவில்லை. “ரெண்டு மணி நேரம் ஒங்க மாமியா மூஞ்சியப் பாக்க வாணாம்” என்றதும், அந்தப் பெண் தலைகூடச் சீவாமல் ஓடி வந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் முப்பத்தொரு பெண்கள் ஏறினார்கள். சிதம்பரத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, அதே வண்டியில் திரும்பினார்கள். ஊரில் ஆண்கள் தாங்கள் சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவ நேர்ந்தது.

ஒன்பதாம் நாள் செக்கர் வைத்திலிங்கம் ஏறினார். திடீரென்று பெருகிய கூட்டம் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. ஆரோக்கியம்மாள் முன்சீட்டுக்காரியின் காதில், “கேட்டா பல்லுவலி, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லு” என்றாள். அவளுக்கு மட்டும் சொன்னதுதான். ஆனால் பெண்கள் நிறைந்த வண்டியில் ஒரு யோசனை ஓர் இடத்தில் உட்காருமா? செக்கர் கேட்டார். ஒருத்திக்குப் பல்வலி. அடுத்தவளுக்கும் பல்வலி. குழுத்தலைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டே சொன்னாள். கடைசியில் ரத்தினம்மாள்.

“ஒனக்கு எந்தப் பல்லும்மா வலிக்குது?”

“போன பல்லுதான் சார். போயும் வலிக்குது.”

டிரைவர் சிரித்ததில் வண்டியே குலுங்கியது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆரோக்கியம்மாள் எழுந்தாள்.

“நாந்தான் சார் எல்லாரையும் இட்டாந்தேன். இந்த வண்டி நின்னா எம்பொண்ணு படிப்பு நின்னுடும்.”

செக்கர் கயல்விழி பக்கம் திரும்பினார்.

“நீ நெசமாவே எதுக்கும்மா வர்ற?”

“சும்மாதான்.”

“சும்மாவா?”

“ஆம்பளைங்க டீக்கடைக்குப் போறப்ப எதுக்குன்னு யாராச்சும் கேக்குறாங்களா சார்?”

செக்கர் நோட்டைத் திறந்தார். ‘பயணிகள் முப்பத்தொருவர். அனைவரிடமும் டிக்கெட் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். எழுதியதில் தப்பு ஏதுமில்லை.

அந்த டிரிப்பை நிறுத்தவில்லை. மாதம் பிறந்ததும் ஆரோக்கியம்மாள் பெண்களிடம், “வந்த வேல முடிஞ்சிது. இனிமே யாரும் வர வாணாம்” என்று நன்றி சொன்னாள். மறுநாள் நிறுத்தத்துக்கு வந்து பார்த்தால், ஜன்னல் வழியே பையைப் போட்டு இடம் பிடித்து அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரு சீட்டுகூட இல்லை.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கடி!”

“நீ வேலைக்குப் போறவ, நின்னுகிட்டே போவலாம்” என்றாள் ரத்தினம்மாள். “நாங்க வேடிக்கை பாக்கணும்.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம்வரை நின்றே போனாள் ஆரோக்கியம்மாள். வழிநெடுக அவர்களைத் திட்டித் தீர்த்தாள். அவ்வளவு மனநிறைவோடு அவள் அதுவரை யாரையும் திட்டியதில்லை.