ஹோலுக்கு மட்டும் வந்த கோடை

பிள்ளைகளே, போன கிழமை ஒரு கலியாண வீட்டில் உங்கள் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், ஏழெட்டுப் பேரை வளைத்து வைத்துக்கொண்டு, "லண்டன் மிச்சம் டவுனில தம்பியின்ர வீட்டைச் சூடாக்கிக் குடுத்ததே நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கையில் வடை. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அங்கே வாய் திறந்தால் கலியாண வீட்டில் சண்டை பிடித்தவன் என்ற பெயர் எனக்குத்தான் வரும். அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.சி.யோடு நின்றவன், எழுத்துப் பிழை இருக்கும். விசயத்தில் பிழை இராது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் வாங்கிய வீட்டில் ஒரு பழைய காஸ் மெசின் இருந்தது. படிக்குக் கீழே அலுமாரிக்குள் நின்று, தகரக் குழாய்களால் எல்லா அறைக்கும் சூட்டுக் காற்று ஊதும். இலை உதிரத் தொடங்கிய நேரத்தில் காஸ்காரர் ஒருவர் வந்து சோதித்து, புகை வீட்டுக்குள் வருகிறது என்று சிவப்பு அட்டை ஒட்டி, மெசினை மூடிவிட்டுப் போனார். புது ஏற்பாடு ஒன்று வேண்டும் என்ற நிலை வந்தது.

சின்னவளே, உனக்கு அப்போது ஐந்து வயது. உனக்குத் தொய்வு, டொக்டர் ஆஸ்மா என்பார். இழுக்கத் தொடங்கினால் நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வரும். உன் அறை சமைக்கிற குசினிக்கு மேலே கடைசியில் இருந்தது, இரண்டு பக்கமும் வெளிச்சுவர். மூலையில் உங்கள் அம்மா எத்தனை தரம் துடைத்தாலும் கறுப்புப் பூஞ்சணம் திரும்பி வரும். டொக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: கடும் குளிர் வருமுன் அந்த அறை சூடாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். நான் அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன்.

முதலில் ஒரு வெள்ளைக்கார பொயிலர்காரர் வந்தார். வயது போனவர், அதிகம் பேசாதவர். அவர் கேட்ட முதல் கேள்வி, எந்த அறையில் யார் படுக்கிறார்கள் என்பது. எனக்குச் சுர் என்றது. எங்கள் வீட்டில் யார் எங்கே படுத்தால் இவனுக்கு என்ன? அம்மா அன்று கருவாடு பொரித்திருந்தாள். அவர் மூக்கை உறிஞ்சினார். தடிமனோ என்னவோ, நான் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன். அவர் மேலே போய் உன் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். பிறகு ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் வீட்டின் படத்தைக் கீறி, அறைக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டும் சுடுதண்ணீர் றேடியேற்றர்களைக் குறித்து, உன் அறையை மட்டும் இரண்டு தரம் வட்டம் போட்டு, "இங்கேதான் தொடங்க வேண்டும்" என்றார். வருகிறவர்களை இருத்தும் ஹோலில் ஷோகேஸ் நின்ற சுவரிலும் ஒரு றேடியேற்றர் வருமாம், ஷோகேஸை நகர்த்த வேண்டுமாம். அந்த ஷோகேஸில்தான் கொழும்பிலிருந்து வந்த பீங்கான்களும் உன் அண்ணன் ஓட்டப் போட்டியில் வென்ற கோப்பையும் இருந்தன. அவர் எங்களை மதிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அவரை நானும் மதிக்கவில்லை. கடித உறையை ஷோகேஸின் இழுப்பு லாச்சிக்குள் எறிந்தேன்.

பிறகு வந்தவர்தான் உங்கள் மாமா. லண்டனில் வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் எல்லோரும் மறுநாளே எஞ்சினியர்தான். கூரை, குழாய், வயர், ஒன்றும் தெரியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. உங்கள் மாமா அவர்களுக்கெல்லாம் தலைவர்.

"தம்பி, தகரத்தைக் கொண்டுவந்து சுவரில தொங்கவிடப் போறியோ? இல்லாததுகளுக்குக் கவுன்சில் குடுக்கிற வீட்டிலயும் அதுதான் கிடக்கு. என்னட்ட ஒரு மெசின் இருக்கு. ஒபிஸ் கந்தோர் ஒண்டு மூடினவங்கள், அங்க கழட்டினது. குளிருக்குச் சூடு, வெயிலுக்குக் குளிர். ஒரே பட்டன். லண்டனில எந்தத் தமிழன்ர வீட்டில இருக்கு, சொல்லு பாப்பம்!"

அம்மா தேத்தண்ணீரோடு வந்து நின்றாள். "அண்ணை, மெசினை எங்க பூட்டுறது?"

"ஹோலிலதான். வேற எங்க? வாற சனம் பாக்கவேணுமெல்லே."

"அப்ப பிள்ளையின்ர அறைக்கு?"

"தங்கச்சி, சூடு எண்டால் மேலதான் போகும். சயன்ஸ் அது. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, தன்ர பாட்டில படி ஏறிப் போகும்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஷோகேஸைப் பார்த்தேன். அது நகரத் தேவையில்லை. "அத்தான் சொல்லுறது சரிதானே" என்றேன். அந்த வார்த்தையை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை இராகுகாலம் கழித்து மெசின் ஏறியது. சுவரில் பூசணிக்காய் அளவில் ஓட்டை போட்டார்கள். கொல்லையில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, உள்ளே ஷோகேஸுக்கு மேலே நீளமான வெள்ளைப் பெட்டி. நான் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெம்பிளியிலிருந்தும் எட்மண்டனிலிருந்தும் சனம் பார்க்க வந்தது. சூட்டைப் போட்டுக் காட்டினேன். "சூடு எல்லா வீட்டிலயும் இருக்கு, குளிரைக் காட்டு" என்றார் மாமா. காட்டினேன். ஒக்டோபர் மாதம். வெளியே மழை. பன்னிரண்டு பெரியவர்கள், கழற்றிய கோட்டுகளைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட சோபா செற்றியில் வரிசையாக இருந்து, தலைக்கு மேலே ஊதிய குளிர் காற்றை வாங்கி, "நல்ல குளிர், நல்ல குளிர்" என்று தலையாட்டினார்கள். ஒருவருக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கும் வரவில்லை. எனக்கு நெஞ்சு பூரித்துப் போயிருந்தது. நீ படியில் இருந்து இருமினாய்.

சூடு படி ஏறவில்லை. ஏறுவதற்கு வழி எங்கே? எங்கள் வீடுகளில் ஹோல் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். திறந்தால் பொரியல் மணம் செற்றியில் பிடித்துவிடும், வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாங்களே வைத்த சட்டம் அது. ஆகவே வாரம் முழுக்க ஒருவரும் இராத அறை சித்திரை மாத வெயில் போலக் காய்ந்தது. நீங்கள் இருவரும் மேலே ஸ்வெற்றருக்கு மேல் ஸ்வெற்றர் போட்டுப் படுத்தீர்கள். உன் அறையில் ஒரு சிறிய மின்சார ஹீற்றர் வைத்தோம். நெருப்புப் பிடிக்கும் என்ற பயத்தில் நீ நித்திரையானதும் நிறுத்திவிடுவோம். அம்மா இரண்டு முறை சொன்னாள், அந்த வெள்ளைக்காரரைக் கூப்பிடுவோம் என்று. "அத்தான் என்ன நினைப்பார்" என்று இரண்டு முறையும் நான் சொன்னேன். டொக்டர் என்ன சொன்னார் என்பது எனக்கு நினைவில் இல்லையா? இருந்தது. அத்தான் பெரிதாகத் தெரிந்தார்.

முதல் உறைபனி ஒரு ஞாயிறு வந்தது. அன்றும் ஹோல் நிறைய ஆட்கள். கொல்லைப் பெட்டி பனிக்கட்டி பிடித்துப்போய் உள்ளே குளிர்தான் ஊதியது. மாமா கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுபோய் அதன்மேல் ஊற்றி, திரும்பவும் ஊற்றி, கடைசியில் சூடு வந்ததும் கைகளைத் தட்டிக்கொண்டு, "பாத்தியோ, மெசின் எண்டால் மனுசர் மாதிரித்தான், பதமாப் பாக்கவேணும்" என்று நடுவில் வந்து இருந்தார். அந்த நேரம்தான் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். உன் உதடு நீலம். மூச்சில் விசில் சத்தம். அம்மா ஹோல் கதவைத் தள்ளித் திறந்து, "இஞ்சேருங்கோ, காரை எடுங்கோ" என்றாள்.

நான் எழும்பினேன். எனக்குப் பின்னால் உங்கள் மாமா சொன்னார்:

"தங்கச்சி, கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ. சூடு போகுது."

அந்தக் குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் அருவருப்பு. அவருக்கு உண்மையாகவே சூட்டைப் பற்றித்தான் கவலை. நானும் அவரைத் திட்டவில்லை. என் கை கதவின் பிடியில் இருந்தது. பழக்கத்தில் சாத்தப் போனது. பாதி சாத்தியும்விட்டேன். இதை நான் உங்களுக்கு எழுதாமல் விட்டால் மாமாவைப் பற்றி எழுதிய மற்றதெல்லாம் வெறும் புறணி.

நீ மூன்று நாள் ஆசுப்பத்திரியில் இருந்தாய். முகமூடியால் மருந்துப் புகை பிடித்தார்கள். நாலாம் நாள் நான் ஷோகேஸ் லாச்சியில் கடித உறையைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். அந்தப் பொயிலர்காரர் வந்தார். ஹோல் மெசினை ஒரு தரம் பார்த்தார். சிரிப்பார் என்று பார்த்திருந்தேன். சிரிக்கவில்லை. மேலே போய் உன் அறையில் தொடங்கினார். ஷோகேஸைப் பிறகு நானும் அண்ணனும் நகர்த்தினோம். ஒரு பீங்கான் உடைந்தது. அவ்வளவுதான் நட்டம்.

வீடு வாங்கப் போகிறீர்கள், மெசின் விற்க உங்களிடமும் ஆட்கள் வருவார்கள். எந்த அறையில் யார் படுக்கிறார்கள் என்று கேட்காதவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். சொந்தக்காரன் என்றால் வடையும் கொடுங்கள்.

பொயிலர் ஓடத் தொடங்கிய அன்று அம்மா செய்த முதல் வேலை, ஹோல் றேடியேற்றரின் திருகை முழுதாகப் பூட்டியது. அடுத்த ஞாயிறு உங்கள் மாமா வந்தார். கோட்டைக் கழற்றினார், சுற்றிப் பார்த்தார், திரும்ப மாட்டிக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, ஹோல் குளிருது?"

அம்மா தேத்தண்ணீரை அவருக்கு முன்னால் வைத்தாள்.

"ஓம் அண்ணை. சூடு மேல போயிட்டுது."